ஒரே ஒரு தோட்டா: ஒற்றைத் தோட்டா ரைபிளை வேட்டைக்காரர்கள் விரும்புவது ஏன்?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பழைய துப்பாக்கிகள் பொதுப் பார்வைக்கு வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். தாத்தா பெயரில் இருந்த உரிமம் மகன் பெயருக்கு மாறி, இப்போது பேரன் கையில் இருக்கும். அவற்றில் பலவும் ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப வேண்டியவை. வேடிக்கை பார்க்கும் இளைஞர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஒரு குண்டோடு தீர்ந்துவிடுமா? பிறகு இதனால் என்ன பயன்?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான, விரிவான பதில் சொல்ல ஆசை. வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், பல தோட்டாக்கள் கொள்ளும் ரைபிள்கள் மலிவாகவே கிடைக்கின்றன. அப்படியிருந்தும் ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் அமெரிக்காவிலும், கூடுதல் விலை கொடுத்து ஒற்றைத் தோட்டா ரைபிளை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழமை மீதுள்ள பற்று மட்டும் இதற்குக் காரணமல்ல. இரண்டாவது தோட்டா இல்லை என்று தெரிந்துவிட்டால், வேட்டையின் வேலை முழுவதும் விசையை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். காற்று, தூரம், பொறுமை, விட்டுவிடும் மனம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தக் கருவியின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எந்திர அமைப்பிலும் அதற்குச் சில நல்ல காரணங்கள் உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

எது ரைபிள், எது ஒற்றைத் தோட்டா?

நம் ஊர்ப்பக்கம் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். கருமருந்தையும் ரவைக் குண்டுகளையும் குழலின் வாய் வழியே போட்டுக் கம்பியால் இடித்து நிரப்புவார்கள். ரைபிளின் குழலுக்குள் திருகு வடிவில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றபடி வெளியேறுவதால் தலைகுப்புறப் புரளாமல் நேராகப் பாய்கிறது. நூறு மீட்டருக்கு அப்பாலும் குறி தவறாமல் சுட முடிவது அதனால்தான்.

தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் சிறு மூடி, இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பித்தளைக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்த பொருள். மேகசின் உள்ள ரைபிளில் மூன்று முதல் ஐந்து தோட்டாக்கள் வரை அடுக்கி வைக்கலாம். பின்வாயை மூடும் எஃகுத் தண்டான போல்ட்டை இழுத்துத் தள்ளினால் அடுத்தது தானே ஏறும். ஒற்றைத் தோட்டா ரைபிளில் அப்படி ஒரு சேமிப்பு இடமே கிடையாது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் எடுத்துக் குழலின் பின்வாயில் வைக்க வேண்டும். குழல் ஒன்றா இரண்டா என்பது வேறு விஷயம். மேகசின் ரைபிளுக்கும் குழல் ஒன்றுதான்.

பின்வாயைத் திறந்து மூடும் முறையில்தான் இந்த ரைபிள்கள் தங்களுக்குள் வேறுபடுகின்றன. மிக எளியது மடக்கு முறை. தாழ்ப்பாளை நீக்கினால் குழல் முன்பக்கம் மடிந்து பின்வாய் திறந்துகொள்ளும். உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இறங்கு கட்டை முறை. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு அடியில் உள்ள நெம்புகோலை முன்னோக்கித் தள்ளினால், பின்வாயை அடைத்து நிற்கும் கனமான எஃகுக் கட்டை ரைபிளின் உடலில் வெட்டப்பட்ட பள்ளங்களுக்குள் சறுக்கிக் கீழே இறங்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் கட்டை ஏறி அடைத்துக்கொள்ளும். வெடிக்கும்போது எழும் அழுத்தம் முழுவதையும் அந்தக் கட்டையும் அதைச் சுற்றியுள்ள எஃகுச் சுவர்களும் தாங்கிக்கொள்கின்றன. அமெரிக்கரான கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்குவார்சன் 1872இல் தம் நேர்த்தியான வடிவத்தைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் யூட்டா பகுதியில் தந்தையின் பட்டறையில் தொழில் கற்ற ஜான் பிரவுனிங் என்ற இளைஞர் 1879இல் பெற்ற முதல் காப்புரிமையும் ஓர் ஒற்றைத் தோட்டா ரைபிளுக்குத்தான். வின்செஸ்டர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கி 1885ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்டது.

பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளில் கட்டை முழுவதும் கீழே இறங்காது. பின்முனை ஆணியில் நிற்க, முன்முனை மட்டும் சாயும். அந்த வழியாகத் தோட்டா உள்ளே போகும். இந்தியாவில் சிப்பாய்களுக்குப் புதிய ரைபிள் உடனே தரப்படவில்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு, வெள்ளைப் படையினர் வைத்திருந்ததைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே அவர்களுக்குக் கொடுத்தார்கள். மார்ட்டினியும் அப்படித்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

ஒரு பந்தயமும் ஒரு பேரழிவும்

1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. தூரம் 800, 900, 1,000 கெஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரைபிள்களோடு வந்திருந்தார்கள். அமெரிக்கர்களின் கையில் இருந்தவை ஷார்ப்ஸ், ரெமிங்டன் நிறுவனங்களின் பின்வாய் ஒற்றைத் தோட்டா ரைபிள்கள். 934க்கு 931 என்ற புள்ளிக் கணக்கில் அமெரிக்கா வென்றது. வெறும் மூன்று புள்ளி வித்தியாசம்தான். ஆனால் பின்னாலிருந்து நிரப்பும் ரைபிளும் நெடுந்தூரத்துக்குத் துல்லியமாகச் சுடும் என்பதை அந்த ஒரு நாள் நிலைநாட்டியது.

அதே பத்தாண்டில், அதே வகை ரைபிள்கள் அமெரிக்கப் புல்வெளிகளில் வேறொரு வேலையும் செய்தன. கோடிக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். மந்தையை நடத்தும் எருமையைத் தூரத்திலிருந்தே முதலில் சுட்டு வீழ்த்துவார்கள். மற்றவை எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே சுற்றி நிற்கும். வேட்டைக்காரன் இடம் மாறாமல் ஒவ்வொன்றாகச் சுடுவான். 1880களின் முடிவில் அமெரிக்காவில் எஞ்சியவை சில நூறுதான். ஒற்றைத் தோட்டா ரைபிளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. ஒரு குண்டுதான் இருக்கிறது என்பதனாலேயே எவனும் நிதானமானவனாகிவிட மாட்டான். நிதானத்தைத் தேடி வருகிறவனுக்கு அந்தக் கருவி துணை நிற்கும், அவ்வளவுதான்.

எந்திர அமைப்பில் உள்ள நன்மைகள்

மேகசின் ரைபிளில் போல்ட் பின்னோக்கி ஓட, தோட்டாவின் நீளத்துக்காவது இடம் விட வேண்டும். இறங்கு கட்டை ரைபிளுக்கு அந்த இடம் தேவையில்லை. அதனால் ஒரே குழல் நீளம் கொண்ட இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒற்றைத் தோட்டா ரைபிள் மொத்தத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும். குழல் நீளமாக இருந்தால் வெடிமருந்து முழுவதும் எரிந்து குண்டின் வேகம் கூடும். ரைபிள் குட்டையாக இருந்தால் புதருக்குள் நுழையவும் மலை ஏறவும் எளிது. பொதுவாக ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் இரண்டும் கிடைக்கின்றன. எடையும் கைகளுக்கு நடுவில் வந்து நிற்பதால் தூக்கிக் குறிபார்க்கச் சுகமாக இருக்கும்.

ஆல்ப்ஸ் மலை வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் மடக்கு ரைபிள்களில் சில, இரண்டரை கிலோ அளவுக்கே எடை கொண்டவை. குழலைக் கழற்றி முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். பாறை மேல் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவனுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குதான்.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதிலும் கட்டுப்பாடு குறைவு. மேகசின் பெட்டியின் நீளத்துக்குள் தோட்டா அடங்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. குழலுக்கு அடியில் நீண்ட குழாய் போன்ற மேகசின் கொண்ட பழைய நெம்புகோல் ரைபிள்களில், ஒரு தோட்டாவின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் பற்றவைப்பு மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டை அதில் நிரப்பினால் அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொன்றாக வைக்கும் ரைபிளில் இந்தக் கவலையே இல்லை. அடிப்பகுதியில் விளிம்பு உள்ள பழைய வகைத் தோட்டாக்களும் இதற்கு மிகப் பொருத்தம். வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி அந்த விளிம்பை நன்றாகப் பற்றிக்கொள்ளும். 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான .45-70 தோட்டா (.45 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்) இன்றும் தயாரிக்கப்படுகிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மடக்கு ரைபிளைத் திறந்து தோளில் போட்டுக்கொண்டால், அதில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். வேலி தாண்டும்போதும் வரப்பில் இறங்கும்போதும் இது பெரிய நிம்மதி. ஜெர்மானிய மடக்கு ரைபிள்கள் பலவற்றில், சுடும் தருணத்தில் கட்டைவிரலால் ஒரு பொத்தானை முன்னே தள்ளினால்தான் உள்ளிருக்கும் வில்லே முறுக்கேறும். அதுவரை தோட்டா உள்ளே இருந்தாலும் ரைபிள் உறங்கிக்கொண்டிருக்கும். சிறுவர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுத்தரும் நாடுகளில் ஒற்றைத் தோட்டா .22 ரைபிளில் தொடங்குவதும் இதே காரணத்தால்தான்.

அந்த ஒரு குண்டுக்கு முன்னால்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. குண்டு அங்கே பட்டால் விலங்கு விரைவில் விழும். கொஞ்சம் பின்னால் தள்ளிக் குடலில் பட்டால் பல மணி நேரம் துடித்துக்கொண்டே ஓடும். ஆகவே வேட்டைக்காரனின் முதல் கடமை, அந்த வட்டத்துக்குள் குண்டு விழும் என்ற உறுதி வரும்வரை சுடாமல் இருப்பது.

அந்த உறுதியைக் கெடுப்பவை இரண்டு: தூரமும் காற்றும். .308 தோட்டாவை 100 மீட்டருக்குச் சரியாகக் குறிவைத்துப் பழக்கியிருந்தால், 300 மீட்டரில் குண்டு 40 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து விழும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதே குண்டை 200 மீட்டரில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளிவிடும். 300 மீட்டரில் இந்த விலகல் இரு மடங்கைத் தாண்டும். மேகசினில் இன்னும் நான்கு இருக்கின்றன என்று நினைப்பவன், "சுட்டுப் பார்ப்போமே" என்று துணிவான். ஒன்றுதான் என்று அறிந்தவன் ஐம்பது மீட்டர் தவழ்ந்து முன்னேறுவான், அல்லது காற்று அடங்கக் காத்திருப்பான், அல்லது ரைபிளை இறக்கிவிட்டு வீடு திரும்புவான்.

காற்றைப் படிப்பது என்றால் என்ன என்று நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குக் காற்றான கச்சான் எப்போது எழும், கிழக்குக் காற்றான கொண்டல் எப்போது திரும்பும், வடக்குக் காற்றான வாடை எந்த மாதத்தில் கடலைக் கலக்கும் என்பது பாம்பன் முதல் வாலிநோக்கம் வரை படகேறும் ஒவ்வொருவருக்கும் பாடம். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் அடங்கிக் கிடப்பதை மண்டபத்தில் நின்று ஒரே நாளில் பார்க்கலாம். நெடுந்தூரம் சுடுகிறவனுக்கும் இந்தக் கூர்மைதான் வேண்டும். தான் நிற்கும் இடத்துக் காற்று மட்டும் போதாது. நடுவழியில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது, இலக்கின் அருகே தூசி எங்கே பறக்கிறது என்பதையும் அவன் பார்க்க வேண்டும்.

கையை விட்டுப் போனால் திரும்பாத ஆயுதம் நம் சீமைக்குப் புதிதுமல்ல. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் முயலையும் மானையும் வளரி என்ற வளைந்த ஆயுதத்தை எறிந்து வேட்டையாடினார்கள். சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். 1801இல் அதே மருதுவுக்கு எதிரான படையெடுப்பிலும் அவர் பங்கேற்க நேர்ந்தது. வளரி எறிகிறவனுக்கும் முதல் வீச்சுதான் எல்லாம். தவறினால் முயல் முள்ளுக்குள் போய்விடும்.

எங்கே இது உதவாது?

குறைகளையும் சொல்ல வேண்டும். காயம்பட்டுத் திரும்பிப் பாயும் விலங்கின் முன்னால் ஒற்றைத் தோட்டா ரைபிள் ஆபத்தான துணை. யானை, காட்டெருமை வேட்டையில் அந்தக் காலத்தில் இரட்டைக் குழல் ரைபிளை நாடியது உடனடி இரண்டாம் குண்டுக்காகத்தான். ஓட்டிவிடப்பட்ட காட்டுப்பன்றிகள் கூட்டமாகக் குறுக்கே பாயும் வேட்டைக்கும் இது சரிவராது. நன்கு பழகியவர்கள் அடுத்த தோட்டாவை இடது கை விரல்களுக்கிடையே வைத்துக்கொண்டு சில நொடிகளில் மறுபடி நிரப்பிவிடுவார்கள். ஆனாலும் போல்ட் ரைபிளின் வேகம் வராது.

இன்னொரு குறை உண்டு. இந்த ரைபிள்களின் மரக்கட்டை பெரும்பாலும் முன், பின் என்று இரண்டு துண்டுகளாக இருக்கும். முன்துண்டு குழலை அழுத்தும் விதம் மாறினால் குண்டு விழும் இடமும் சற்று மாறும். அதைச் சரிசெய்யப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும்.

இத்தனை குறைகளோடும் 1967இல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம், ஃபார்குவார்சனின் அழகை மனத்தில் வைத்துத் தன் 'நம்பர் ஒன்' ரைபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போல்ட் ரைபிள்கள் கோலோச்சிய காலம் அது. துணிச்சலான முடிவுதான். ஆனால் அது பலித்தது. அந்த ரைபிள் பல பத்தாண்டுகள் விற்றது. அமெரிக்காவின் மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் பழங்கால ஆயுதங்களுக்கென ஒதுக்கிய வேட்டைப் பருவத்தில், சில வகை ஒற்றைத் தோட்டா ரைபிள்களையும் அனுமதிப்பதால் அங்கே அவற்றுக்குத் தனிச் சந்தையே உண்டு.

நம் மண்ணில்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. முயலும் கொக்கும்கூடச் சட்டத்தின் காவலில் உள்ளவைதான். மயிலைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி முடிவெடுக்கும் அதிகாரமும் அரசுக்கும் வனத்துறைக்கும் உரியது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயிகளின் வேதனை உண்மையானது. அதற்குத் தீர்வு இரவில் ஒளிந்து சுடும் நாட்டுத் துப்பாக்கி அல்ல.

இந்தத் தடையை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டன. குளிர்காலத்தில் தனுஷ்கோடியில் பூநாரைகள் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அங்கே ஒரு வெடிச்சத்தம் எவ்வளவு பெரிய நாசம் என்பது புரியும். கடல்பசுவான ஆவுளியா ஒரு காலத்தில் இறைச்சிக்காகவே பிடிக்கப்பட்டது. இன்று அதன் எண்ணிக்கை கவலைப்படும் அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஆகவே ஒற்றைத் தோட்டாவின் ஒழுக்கத்தைக் கற்க விரும்புகிற நம் இளைஞர்களுக்கு உரிய இடம் இலக்குத் திடல்தான். அங்கே இந்த வகை ரைபிளுக்கு முழு மரியாதை இருக்கிறது. சர்வதேச விதிகளின்படி 10 மீட்டர் காற்று ரைபிள், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு மட்டுமே நிரப்பிச் சுட வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை அபினவ் பிந்த்ரா வென்றது அப்படிப்பட்ட ரைபிளால்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் களமிறங்கியதும் அதே 10 மீட்டர் பிரிவில்தான்.

தொடக்கத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் .22 ரைபிளில் சுடும் வாய்ப்பு கிடைக்கலாம். இல்லையென்றால் ரைபிள் கிளப்பில் சேர்ந்து காற்று ரைபிளில் தொடங்கலாம். 4.5 மில்லிமீட்டர் விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதைப் பறவை மீது திருப்பினால் அதுவும் வேட்டைக் குற்றமே.

கடைசியாக, உப்புக்காற்றில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. வீட்டில் பழைய உரிமத் துப்பாக்கி இருந்தால் துணி உறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். துணி ஈரத்தை இழுத்துப் பிடித்துக் குழலை அரித்துவிடும். தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, பின்வாய்ப் பக்கமிருந்து உலர்ந்த துணியை விட்டுத் துடைத்து, பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். மடக்குத் துப்பாக்கியின் கீல், கூட்டை இழுக்கும் கொக்கி ஆகிய இரண்டு இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கும். இறங்கு கட்டை ரைபிளென்றால் கட்டை சறுக்கும் பள்ளங்களையும் பார்க்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் இதை வாரம் ஒரு முறை செய்வது நல்லது.